புதுப்பிப்பு: விபத்துக்குப் பின் பேருந்தில் ஏற அஞ்சிய தம்பிக்கு எந்தச் சிகிச்சை உதவியது

பேருந்து விபத்துக்குப் பிறகு தம்பி உறக்கத்தில் அலறுவதையும், பேருந்து நிலையத்தின் பக்கமே போக மறுப்பதையும் சொல்லி, தூக்க மாத்திரை போதுமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, நினைவை நேராக எதிர்கொள்ளச் செய்யும் உளச்சிகிச்சையைப் பரிந்துரைத்தவரின் யோசனைதான். டெலி மானஸ் என்னும் அரசின் மனநல உதவிச் சேவையின் இலவச எண்ணான 14416இல் வழிகேட்டு, மருத்துவ உளவியலாளர் ஒருவரைச் சந்தித்தோம். கண்களை மூடி, விபத்தை இப்போது நடப்பதுபோல் விவரிக்கச் செய்து, அதைக் கைப்பேசியில் பதிவுசெய்து தினமும் கேட்கச் சொன்னார். கூடவே, அவன் தவிர்த்தவற்றை அச்சத்தின் அளவுப்படி வரிசைப்படுத்தி, நின்றிருக்கும் பேருந்தில் உட்காருவதிலிருந்து தொடங்கினார். பதற்றம் ஓரளவேனும் தணியும் முன் இறங்கக் கூடாது என்பது நிபந்தனை.

எதிர்பாராதது, தொடக்கத்தில் கெட்ட கனவுகள் அதிகமானது. அவர் முன்பே எச்சரித்திராவிட்டால் பாதியில் நிறுத்தியிருப்போம். இப்போது தம்பி பேருந்தில்தான் வேலைக்குப் போகிறான், ஓட்டுநருக்குப் பின்னிருக்கையை மட்டும் தவிர்த்து.

மாத்திரை பற்றி: அதிர்ச்சி நேர்ந்த முதல் மாதத்தில் பென்சோடயசெபைன் என்னும், பதற்றம் தணித்துத் தூக்கம் தரும் மருந்து வகையைத் தரக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதல். இன்னொருவர் சொன்ன இஎம்டிஆர் என்னும் கண்ணசைவுச் சிகிச்சையையும் அது பரிந்துரைக்கிறது. அதில் பயிற்சி பெற்றவர் அருகில் கிடைக்காததால் நாங்கள் முயலவில்லை.