பதில்: "வடிவமைப்புவழித் தனியுரிமை" போதுமா?

> பிரைவசி பை டிசைனுக்கு (சிஸ்டத்தைக் கட்டேக்கயே தனியுரிமையையும் சேத்துக் கட்டுறது) தமிழில "வடிவமைப்புவழித் தனியுரிமை" எண்டு போட்டாக் காணும்.

வணக்கம் ரீச்சர், சொல்லில பிழையில்ல, ஆனா நாங்க சொல் தேடுற சாமான், அதாவது சட்டத்தை சிஸ்டத்துக்குள்ளயே கட்டி வைக்கிறது, அதவிடப் பெரிசு எண்டு எனக்குப் படுது. தனியுரிமை அதிகாரி ஆன் கவூக்கியன் கனடாவில 90களில இதைக் கதைக்கத் தொடங்கேக்க இது ஒரு கொள்கை மட்டும்தான், ஐரோப்பாக்காரர் ஜிடிபிஆர் எண்ட தங்கட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்ர 25ம் பிரிவில எழுதி 2018 மே மாசம் நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகு சட்டமே சிஸ்டத்துக்குள்ள வந்து குந்திட்டுது. எங்கட இலங்கையிலயும் 2022ல தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 9ம் இலக்கச் சட்டம் வந்திட்டுது.

நிலாவெளியில ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு புக்கிங் சொப்ட்வெயார் செய்யிறம் எண்டு வையுங்கோ. ஜெர்மன்காரர் ஒராள் ஊருக்குப் போய், என்ட பாஸ்போட் கொப்பிய அழியுங்கோ எண்டு கேக்கிறார் (ஜிடிபிஆர் 17ம் பிரிவு அப்பிடிக் கேக்க உரிமை குடுக்குது, ஐரோப்பாவில இருக்கிற ஆக்களைக் குறிவைச்சு அறை வித்தா அந்தச் சட்டம் இஞ்ச வரைக்கும் வரும்). டேட்டாபேஸில ஒரு வரிய அழிச்சாப் போதுமே? பழைய பக்கப்பில கிடக்கும், லொக் ஃபைலில கிடக்கும், மனேஜர்ட வட்ஸ்அப்பில கட்டாயம் கிடக்கும். பக்கப்புக்குள்ள இருந்து ஒராளை மட்டும் கிள்ளி எடுக்கிறது லேசில்ல. ஒவ்வொருத்தர்ட தகவலையும் தனித்தனிச் சாவியால குறியாக்கி வைச்சிருந்தா சாவிய அழிச்சாச் சரி, மிச்சம் ஆருக்கும் விளங்காத குப்பை. ஆனா இத முதலே யோசிச்சிருக்கவேணும், ஓடுற சிஸ்டத்தில செருகப் போனா சீசன் முடிஞ்சிடும்.

அதோட சட்டம் எப்பவும் பாதுகாக்கத்தான் உள்ள வருது எண்டும் இல்ல. அமெரிக்காவில 1994ல வந்த காலியா சட்டம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குள்ளயே ஒட்டுக்கேக்கிற வசதி இருக்கவேணும் எண்டுது. அப்பிடியான வசதி கிரேக்கத்து மொபைல் எக்ஸ்சேஞ்சிலயும் கிடந்தது, 2004-05ல ஆரோ களவா உள்ள பூந்து அதாலயே பிரதமற்ற போன் உட்பட 100க்கு மேல போனுகளைக் கேட்டிருக்கிறாங்கள். இதுக்குப் போய் தனியுரிமை எண்டு பேர் வைக்கேலுமே?

அதால பாதுகாக்கிறதோ ஒட்டுக்கேக்கிறதோ, சிஸ்டத்துக்குள்ள கட்டின சட்டத்துக்குப் பொதுவா ஒரு சொல் வேணும். "உள்ளமை விதி" நல்லாத்தான் இருக்கு, ஆனா உள்ளமைவு எண்டா கொன்ஃபிகரேஷன் எண்டு ஏற்கெனவே புழங்குது. நான் சொல்லுறது "உட்பொதி விதி". அதுக்குக் கீழ உட்பொதி காப்பு, உட்பொதி ஒட்டுக்கேட்பு எண்டு பிரிக்கலாம்.

—

ரீச்சற்ற பதில்: தம்பி, உட்பொதி எம்பெடட் சிஸ்டத்துக்கும் (சாமானுக்குள்ள பதிச்சு வைக்கிற கொம்பியூட்டர்) வருது, பரவாயில்ல, இடத்தைப் பாத்து விளங்கிக்கொள்ளுவினம். "உட்பொதி விதி"க்கு எனக்குச் சம்மதம். ஆனா காப்பு வேண்டாம், செக்யூரிட்டியோட குழம்பும், உட்பொதி தனியுரிமை எண்டே போடுங்கோ. மற்றது 25ம் பிரிவில பாதியத்தான் சொல்லியிருக்கிறீர். பை டிபோல்ட் எண்டும் இருக்கு, ஆக்கள் ஒண்டையும் தொடாம விட்டாலும் தேவையான தகவல மட்டுந்தான் எடுக்கோணும் எண்டு. அதுக்கு "முன்னிருப்புத் தனியுரிமை". ரெண்டையும் ஒரு சொல்லுக்குள்ள அடைக்க நான் விடமாட்டன்.