180 டிகிரில எமல்சன் உடையுது, வழி தெரிஞ்சவுக சொல்லுங்க

அண்ணே, ஆயில் ஃபீல்டு கெமிக்கல்ல வேலை பாத்தவுக யாராச்சும் இருந்தா கொஞ்சம் பாருங்க. கப்பலூர்ல சின்ன லேப், டீசல்ல கலக்குற டிரில்லிங் ஃப்ளூயிடுக்கு (கிணறு துளைக்கும்போது உள்ள விடுற திரவம்) எமல்சிஃபையர், அதாவது எண்ணெயும் தண்ணியும் பிரியாம புடிச்சு வைக்கிற பொருள், பண்றோம், தவிட்டெண்ணெய் ஃபேட்டி ஆசிட்டோட டையெத்திலீன் ட்ரையமீன் சேத்து அப்புறம் மலேயிக் அன்ஹைட்ரைடு போட்டு எடுக்குறது. 150 டிகிரி வரைக்கும் அருமையா நிக்குது, 180ல 16 மணி நேரம் ஹாட் ரோல் (மூடுன செல்லுக்குள்ள வச்சு சூட்டுல உருட்டுறது) பண்ணுனா காலி. கிருஷ்ணா கோதாவரி பக்கத்து ஆழமான சூட்டுக் கிணறுக்கெல்லாம் இத வச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

எண்ணெய் தண்ணி 80க்கு 20, கால்சியம் குளோரைடு 25 சதவீதம், சுண்ணாம்பு, ஆர்கனோ கிளே (கெட்டியாக்க, அமீன் ஏத்துன களிமண்), கில்சனைட் (கசிவக் குறைக்க), பேரைட் (எடைக்கு) போட்டு 14 பிபிஜி (கேலனுக்கு 14 பவுண்டு). எலக்ட்ரிகல் ஸ்டெபிலிட்டி (எத்தன வோல்ட்டு வரைக்கும் எமல்சன் தாங்குதுங்குற அளவு) 700 வோல்ட்டுக்கு மேல இருந்தது 200க்குக் கீழ இறங்கிருது. உருட்டுன செல்லத் தொறந்தா மேல தெளிஞ்ச டீசல், அடியில பேரைட் கம்பிய விட்டுக் குத்துனாத்தான் அசையுது. ஃபில்ட்ரேட்லயும் (வடிகட்டி வெளிய வர்ற திரவம்) எண்ணெய்க்கு அடியில தண்ணி தனியா நிக்குது, அதான் ரொம்ப உறுத்துது.

ஆடில இருந்து இதே பாடு. சுண்ணாம்பக் கூட்டியாச்சு, எமல்சிஃபையர் டோஸ ஏத்தியாச்சு, காத்த வெளியேத்தி நைட்ரஜன் அடைச்சும் பாத்தாச்சு, லெசித்தின் (இதுவும் ஒரு எமல்சிஃபையர்) போட்டா உருட்டுறதுக்கு முன்னாடி நல்லாருக்கு சூட்டுக்கு அப்புறம் இன்னும் மோசம். கிளேல இருக்க அமீன் இந்தச் சூட்டுல சிதையும்னு தெரியும், ஆனா அது மட்டும் போனா பேரைட் தான் உக்காரணும், தண்ணி இப்படிப் பிரியக் கூடாதுல்ல.

கிளே, பேரைட் ரெண்டும் போடாம வெறும் எமல்சன மட்டும் 180ல உருட்டிப் பாத்தா, உடையுறது எமல்சிஃபையர் தான்னு உறுதியா சொல்லிற முடியுமா?