உதவி: மத்தியானம் ஆனா டிரெய்லர் ஏசி நிக்குது, பெடஸ்டல் பிளக் கொதிக்குது. எங்கிருந்து பாக்க ஆரம்பிக்கணும்?

டிரெய்லர்_புதுசு:
டெக்சஸ் மலைநாட்டுப் பக்கம் ஒரு தனியார் கேம்ப்கிரவுண்ட். 24 அடி டிராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போற சின்ன வீடு), 30 ஆம்ப் கனெக்‌ஷன், கூரையில 13,500 பிடியூ ஏசி ஒண்ணு. டிரெய்லரோட வந்த 30 அடி கார்டு பெடஸ்டலுக்கு (சைட்ல கரண்ட் கொடுக்கிற கம்பப் பெட்டி) எட்டல, அதனால 25 அடி எக்ஸ்டென்ஷன் சேர்த்திருக்கு. ரெண்டுமே 10 கேஜ் (வயர் தடிமன் எண், எண் குறைஞ்சா வயர் தடிப்பு).

காலையில ஒழுங்கா ஓடுது. ரெண்டு மணிக்கு மேல ஏசி ஃபேன் மட்டும் சுத்துது. கம்ப்ரசர் உறுமிட்டு நின்னுடுது. மைக்ரோவேவும் மந்தமா சூடாக்குது. பெடஸ்டல் பிரேக்கர் ஒரு தடவை விழுந்துது (ட்ரிப் ஆச்சு). பிளக்கைப் பிடுங்கினா கை வைக்க முடியாத சூடு, ஒரு பிளேடு (பிளக்கோட தகட்டு முள்) பழுப்பேறியிருக்கு. டிரெய்லர் உள்ள லைட் எதுவும் மங்கல, அதனால வோல்டேஜ் சரியாத்தான் இருக்கும்னு தோணுது. சர்ஜ் ப்ரொடெக்டர் போட்டிருக்கேன், அதுலயும் பச்சை விளக்கு எரியுது.

ஏசி கெபாசிட்டர் (கம்ப்ரசரைக் கிளப்பி விடுற பாகம்) போயிடுச்சா? மாத்திப் பாக்கலாமா?

மின்கம்பி:
கெபாசிட்டர் அப்புறம். பிளக் சுடுதுன்னா முதல்ல ஏசியை நிறுத்துங்க, இன்னைக்கு அந்த சாக்கெட்ல பெரிய லோடு எதுவும் வேண்டாம்.

டிரெய்லர் லைட்டை வச்சு வோல்டேஜ் பாக்க முடியாதுங்க. அது 12 வோல்ட் டிசி. 120ஐ 12 ஆக்கித் தர்ற கன்வர்ட்டரும் பேட்டரியும் தாங்கிப் பிடிக்கும். வெளியில 120 இருந்தாலும் 105 இருந்தாலும் ஒரே மாதிரிதான் எரியும். மைக்ரோவேவ் மந்தமானதுதான் சரியான அறிகுறி.

பச்சை விளக்கு சொல்றது ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூணும் அந்தந்த இடத்துல இருக்குன்னு மட்டும்தான். எத்தனை வோல்ட்னு சொல்லாது. அந்த விலை குறைஞ்ச ப்ரொடெக்டர் உள்ள இருக்கிறது மின்னல் மாதிரி கண நேர எழுச்சியை விழுங்குற வேரிஸ்டர். 100 வோல்ட்ல நாள் பூரா ஓடினாலும் அது வாயைத் திறக்காது.

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் எடுங்க, கேட்-3 (CAT III, மீட்டரோட பாதுகாப்பு வகை) 600 வோல்ட் தரம். சிவப்பு வயர் வோல்ட் ஓட்டையில இருக்கணும், 10 ஆம்ப் ஓட்டையில இருந்தா அப்படியே ஷார்ட். இதே மத்தியான நேரத்துல பாருங்க:

1. பிரேக்கரை ஆஃப் பண்ணி பிளக்கைக் கழட்டுங்க. திரும்ப ஆன் பண்ணி, காலியான 30 ஆம்ப் சாக்கெட்ல ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூணையும் அளங்க. முதல் ரெண்டும் 114–126க்குள்ள, ஒண்ணுக்கொண்ணு ஒட்டி வரணும். மூணாவது சைபருக்குப் பக்கத்துல. பக்கத்துல இருக்கிற 20 ஆம்ப் சாக்கெட்டையும் அளந்து குறிச்சுக்கோங்க.

2. பிரேக்கரை ஆஃப் பண்ணி பிளக்கை முழுசா செருகி, ஆன் பண்ணுங்க. ஏசியை ஓட விட்டு, டிரெய்லருக்குள்ள வேற எதுவும் செருகாத ஒரு சாக்கெட்ல வோல்டேஜ் பாருங்க. உடனே வெளிய வந்து பெடஸ்டலோட 20 ஆம்ப் சாக்கெட்டைப் பாருங்க. ரெண்டு நிமிஷத்துல முடிச்சுட்டு ஏசியை நிறுத்திடுங்க.

20 ஆம்ப் சாக்கெட் எதுக்குன்னா, உங்க பிளக்கும் கார்டும் சம்பந்தப்படாம பெடஸ்டலுக்கு வந்து சேர்ற வோல்டேஜை அது காட்டும். அதுவும் விழுந்தா குறை கேம்ப்கிரவுண்ட் வயரிங்ல. அது அப்படியே இருந்து டிரெய்லருக்குள்ள மட்டும் விழுந்தா குறை நடுவுல இருக்கிற சாக்கெட், பிளக், கார்டு பக்கம்.

ஹூஸ்டன்வாசி:
ஒரு எச்சரிக்கை. பெடஸ்டலுக்கு வர்றது 120/240, ரெண்டு ஃபேஸ் கம்பி. 20 ஆம்ப் சாக்கெட் ஒரு கம்பியிலயும் 30 ஆம்ப் மத்த கம்பியிலயும் இருக்கலாம். அப்படி இருந்தா நீங்க லோடு கொடுக்கும்போது 20 ஆம்ப் பக்கம் இறங்காது, கொஞ்சம் ஏறக்கூட செய்யும். ஏறினா அந்த ஒப்பீடு செல்லாது. ரெண்டு சாக்கெட்டோட ஃபேஸுக்கும் நடுவுல அளந்தா தெரிஞ்சுடும்: சைபர்னா ஒரே கம்பி, 240ன்னா வேற வேற.

டிரெய்லர்_புதுசு:
அளந்துட்டேன். மூணு மணி, 38 டிகிரி வெயில்.
லோடு இல்லாம: 30 ஆம்ப் சாக்கெட் 116, 20 ஆம்ப் சாக்கெட் 116. ரெண்டு ஃபேஸுக்கும் நடுவுல சைபர். நியூட்ரல்–எர்த் 0.6.
ஏசி ஓடும்போது: 20 ஆம்ப் சாக்கெட் 112, டிரெய்லருக்குள்ள 105. கிளாம்ப் மீட்டர் வச்சிருந்த பக்கத்து டிரெய்லர்காரர் பாத்து மொத்தம் 20 ஆம்ப்னு சொன்னார் (ஏசி 14, ஃபிரிட்ஜும் கன்வர்ட்டரும் மிச்சம்). வாட்டர் ஹீட்டரோட எலக்ட்ரிக் சுவிட்சும் ஆன்ல இருந்துது, அளக்கிறதுக்கு முன்னாடி அணைச்சேன்.

மின்கம்பி:
பிரேக்கர் விழுந்த கதை அந்த வாட்டர் ஹீட்டர்லயே முடிஞ்சுது. 1,440 வாட் எலிமென்ட், 12 ஆம்ப். 20 + 12 = 32. வெயில்ல சூடான பிரேக்கர் 30க்கு முன்னாடியே விழும். மணிக்கணக்கா ஓடுற லோடை 24 ஆம்புக்குள்ள வச்சுக்கிறதுதான் கணக்கு. பகல்ல ஹீட்டரை கேஸ்ல போடுங்க.

இப்ப வோல்டேஜ். 116ல இருந்து 112: 4 வோல்ட் கேம்ப்கிரவுண்ட் பங்கு. எல்லாரும் ஏசி போடுற நேரத்துல அது சகஜம், 112 ஒண்ணும் மோசம் இல்ல. 112ல இருந்து 105: 7 வோல்ட் உங்க 30 ஆம்ப் சாக்கெட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவுல காணாம போகுது. இதுதான் விஷயம்.

கார்டு எவ்வளவு தின்னும்? 10 கேஜ் செம்பு 1,000 அடிக்கு ஏறக்குறைய 1 ஓம். உங்களுக்கு 55 அடி, போக வர 110 அடி, 0.11 ஓம். 20 ஆம்புக்கு 2.2 வோல்ட். மிச்சம் 4.8 வோல்ட் ஏதோ தொடுபுள்ளிகள்ல விழுது. 4.8 × 20 = 96 வாட். பழைய 100 வாட் குண்டு பல்பை பிளக்குக்குள்ள வச்சு எரிச்ச மாதிரி. சுடாம என்ன செய்யும்?

கம்ப்ரசர் ஏன் உறுமுதுன்னா, மோட்டாரோட ஸ்டார்ட்டிங் டார்க் வோல்டேஜோட வர்க்கத்துல குறையும். 105ஐ 120ஆல வகுத்தா 0.875, அதோட வர்க்கம் 0.77. கால் பங்கு பலம் போச்சு. ஸ்டார்ட் ஆகிற கணத்துல கரண்ட் நாலு மடங்குக்கு ஏறும், அப்ப வோல்டேஜ் இன்னும் கீழ போகும். சுத்தாம நின்ன மோட்டார் அந்தக் கரண்ட்டை இழுத்துக்கிட்டே இருந்து வைண்டிங்கை வறுத்துடும். நின்ன உடனே திரும்பப் போடாதீங்க. ஏசிக்குள்ள இருக்கிற கேஸோட பிரஷர் சமமாக 3–5 நிமிஷம் விடணும்.

செய்ய வேண்டியது: பழுப்பேறின பிளேடைத் தேய்ச்சு வச்சுக்கிட்டு ஓட்டாதீங்க. சூட்டுல சாக்கெட்டோட ஸ்பிரிங் இறுக்கம் போயிருக்கும், அது தேய்ச்சா திரும்பாது. அந்த சாக்கெட்டை கேம்ப்கிரவுண்ட்காரங்க மாத்தணும், இல்லன்னா வேற சைட் கேளுங்க. பெடஸ்டலை நீங்க திறக்காதீங்க. உங்க பக்கம் டிடி-30 (TT-30, டிரெய்லருக்கான பிளக் வகை) மாற்று பிளக் வாங்கிப் போடுங்க, 30 ஆம்ப் 125 வோல்ட். கார்டோட ரெண்டு முனையும் எங்கயும் செருகாம இருக்கும்போது, கறுத்த செம்பு போய் பளபளக்கிற செம்பு வர்ற வரைக்கும் வெட்டுங்க. கறுப்பு வயர் பித்தளை ஸ்குரூவுக்கு, வெள்ளை வெள்ளி நிற ஸ்குரூவுக்கு, பச்சை பச்சைக்கு. ஒவ்வொண்ணையும் முறுக்கிட்டு இழுத்துப் பாருங்க.

இதோட நிறுத்தாதீங்க. எக்ஸ்டென்ஷன் சேர்ற இடம், டிரெய்லர் சுவர்ல கார்டைத் திருகிப் பூட்டுற இன்லெட், அதுக்குப் பின்னாடி உள்ள ஸ்குரூ, பேனல்ல மெயின் பிரேக்கர் ஸ்குரூ எல்லாமே அந்த 4.8ல பங்கு வாங்கியிருக்கலாம். டிரெய்லர் ஓடுற அதிர்வுல ஸ்குரூ தளர்றது வழக்கம். கார்டைக் கழட்டி, இன்வெர்ட்டர் இருந்தா அதையும் அணைச்சுட்டு முறுக்குங்க.

மலர்_அரிசோனா:
பொருள் வாங்குற பேச்சுக்கு வருவோம். உங்களுக்கு வேண்டியது சர்ஜ் ப்ரொடெக்டர் இல்ல, இஎம்எஸ் (EMS, வோல்டேஜைக் கண்காணிக்கிற கருவி). ப்ரோகிரசிவ் இண்டஸ்ட்ரீஸோட இஎம்எஸ், ஹியூஸ் பவர் வாட்ச்டாக்ல ஈபிஓ (EPO)னு போட்ட மாடல், ரெண்டும் பரவலா ஓடுது. 104 வோல்ட்டுக்குக் கீழ, 132க்கு மேல போனா டிரெய்லரைத் துண்டிச்சுடும். எர்த் இல்லன்னாலும், ஃபேஸ் நியூட்ரல் மாறியிருந்தாலும் கரண்ட்டை உள்ளயே விடாது. சரியான பிறகும் சட்டுனு கொடுக்காம ஒண்ணரை, ரெண்டு நிமிஷம் காத்திருந்துதான் கொடுக்கும். அந்த இடைவெளி கம்ப்ரசருக்காக. ப்ரோகிரசிவ்ல ஈ-1 ஃபேஸ் நியூட்ரல் மாறினது, ஈ-2 எர்த் இல்ல, ஈ-3 அதிக வோல்டேஜ், ஈ-4 குறைஞ்ச வோல்டேஜ். எண்ணுக்கு முன்னாடி பி சேர்ந்து வந்தா அது முன்னாடி நடந்து முடிஞ்ச பிழை, பதறாதீங்க.

ஆனா கவனிங்க, உங்க 105ல இது துண்டிச்சிருக்காது. 104 கடைசிக் கோடு, நல்ல கோடு இல்ல. திரையில 108 வந்தாலே நான் ஒரு லோடைக் குறைப்பேன்.

ஜெனரேட்டர்ல போட்டா ஈ-2 காட்டும். சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்கள்ல நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்திருக்காது, அதனாலதான். அதுக்குன்னு நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கிற பிளக் விக்குது, ஜெனரேட்டரோட காலி சாக்கெட்ல செருகினா போதும். பெடஸ்டல்ல இருக்கும்போது அதை எங்கயும் செருகக் கூடாது.

ஸ்காபரோ_சிவம்:
ஒரு ஓட்டோஃபோமர் வாங்கிப் போட்டா 105ஐ 115 ஆக்கித் தருமே? இஞ்ச ஒண்டாரியோவில சில பேர் அதைத்தான் வச்சிருக்கினம்.

மின்கம்பி:
சிவம் அண்ணா, சப்ளையே 105னா அது உதவும். இங்க சப்ளை 112, தொடுபுள்ளிதான் குறை. 10 சதவீதம் வோல்டேஜை ஏத்தினா பெடஸ்டல்ல இருந்து 10 சதவீதம் கூடுதல் கரண்ட் இழுக்கும். அது அதே வெந்த பிளக் வழியாத்தான் வரணும். சூடு கரண்ட்டோட வர்க்கத்துல ஏறும், 96 வாட் 116 ஆகும். இந்த விஷயத்துல அது நோயை வளர்க்கிற மருந்து. அதுக்குப் பதிலா ஏசியில ஒரு சாஃப்ட் ஸ்டார்ட் (மோட்டாரை மெதுவா கிளப்புற கருவி) போட்டா ஸ்டார்ட்டிங் கரண்ட் பாதிக்கும் கீழ வந்துடும்.

டிரெய்லர்_புதுசு:
பெடஸ்டல்ல 50 ஆம்ப் சாக்கெட்டும் இருக்கு, அது புதுசு மாதிரி தெரியுது. 50ல இருந்து 30க்கு அடாப்டர் போடலாமா? 50 ஆம்ப் உள்ள வந்து எதையாவது எரிச்சிடுமா?

ஹூஸ்டன்வாசி:
போடலாம், நல்ல வழியும் கூட. ஆம்ப் தள்ளிக்கிட்டு உள்ள வராது, லோடு கேட்கிறதுதான் வரும். அடாப்டர் அந்த 240ல ஒரு கம்பியை மட்டும் எடுத்து 120 தரும். டிரெய்லர் மெயின் பிரேக்கர் 30லயே விழும். ஒரே குறை, கார்டுக்கு முன்னாடி நிக்கிறது இப்ப 50 ஆம்ப் பிரேக்கர். அதனால கார்டு வெட்டு, நசுங்கல் இல்லாம இருக்கணும். வரிசை: பெடஸ்டல், அடாப்டர், இஎம்எஸ், கார்டு.

நியூட்ரல் அறுந்தா என்ன ஆகும்னும் தெரிஞ்சுக்கோங்க. 50 ஆம்ப் டிரெய்லர்ல நியூட்ரல் போனா ரெண்டு பக்க லோடும் 240க்குக் குறுக்க வரிசையா நின்னுடும். லோடு குறைஞ்ச பக்கம் 180 வரைக்கும் ஏறும், மத்த பக்கம் 60க்கு விழும். டிவி, மைக்ரோவேவ் போர்டு, கன்வர்ட்டர் எல்லாம் போகும். பெடஸ்டலுக்கு வர்ற மெயின் நியூட்ரலே அறுந்தா 30 ஆம்ப்காரங்களுக்கும் இதே கதிதான். 132ல துண்டிக்கிற இஎம்எஸ் காசுக்குத் தகும்னு நான் சொல்றது இதுக்காகத்தான். குறைஞ்ச வோல்டேஜைக் கண்ணு வச்சுப் பாத்துக்கலாம், இதைப் பாத்துக்க நேரம் இருக்காது.

ஸ்காபரோ_சிவம்:
இன்னொண்டு. மழை நேரம் படியில கால் வைக்க, கதவுப்பிடி விர்ரெண்டு பிடிக்குது எண்டு சிலர் சொல்லுகினம். ஊரில செய்யிற மாதிரி ஒரு இரும்புக் கம்பியை மண்ணில அடிச்சு ஃபிரேமோட சேர்த்துவிட்டாச் சரிதானே?

மின்கம்பி:
சரியில்லண்ணா. விர்ருன்னு பிடிச்சாலே பெடஸ்டலை அணைக்கணும். பிடிக்கிறவர் தொடாம, இன்னொருத்தர் காய்ஞ்ச செருப்போட போய். மண்ணு நல்ல கடத்தி இல்ல. கம்பிக்கும் மண்ணுக்கும் 25 ஓம்னு வச்சுக்கிட்டாலும் 120 ÷ 25 = 4.8 ஆம்ப்தான் ஓடும். 30 ஆம்ப் பிரேக்கர் அசையாது, டிரெய்லர் உடம்பு பூரா கரண்ட் அப்படியே நிக்கும். பிரேக்கரை விழ வைக்கிறது கார்டுல வர்ற பச்சை வயர் மட்டும்தான். அது பெடஸ்டல்ல இருந்து ஃபிரேம் வரைக்கும் அறுபடாம இருக்கான்னு பாக்கணும்.

தொடாமலே கரண்ட் காட்டுற பேனா டெஸ்டர் ஒண்ணு வச்சுக்கோங்க. இணைச்ச உடனே, தரையில நின்னு, கதவைத் தொடுறதுக்கு முன்னாடி டிரெய்லர் உடம்புகிட்ட கொண்டு போங்க. சாக்கெட்ல நியூட்ரலையும் எர்த்தையும் உள்ளயே குறுக்கிக் கட்டி, ஃபேஸையும் தலைகீழா கொடுத்திருந்தா சாக்கெட்ல செருகிப் பாக்கிற மூணு விளக்கு டெஸ்டர் "சரி"ன்னுதான் சொல்லும், இஎம்எஸ்ஸும் ஏமாறலாம். பேனா கத்திடும்.

மலர்_அரிசோனா:
தோசைக்கு இண்டக்‌ஷன் அடுப்பு கொண்டு போறவங்களுக்கு: 1,800 வாட், 15 ஆம்ப். ஏசியோட சேர்த்தா அவ்வளவுதான். பெடஸ்டலோட 20 ஆம்ப் சாக்கெட்டுக்குத் தனி பிரேக்கர் இருக்கு. 12 கேஜ் எக்ஸ்டென்ஷன் ஒண்ணு இழுத்து வெளிய மேசையில வச்சுக்கோங்க. மெல்லிசு ஆரஞ்சு கார்டு வேண்டாம்.

டிரெய்லர்_புதுசு:
சைட் மாத்திக் கொடுத்துட்டாங்க. புது பிளக் போட்டாச்சு. பழையதைப் பிரிச்சா நியூட்ரல் ஸ்குரூ கையாலயே சுத்துது. டிரெய்லர் இன்லெட் பின்னாடியும் ஒரு ஸ்குரூ கால் சுத்து தளர்ந்திருந்துது. இப்ப ஏசி ஓடும்போது 20 ஆம்ப் சாக்கெட் 115, உள்ள 112. ஒரு மணி நேரம் கழிச்சு பிளக் லேசா வெதுவெதுப்பு. இஎம்எஸ் ஆர்டர் போட்டாச்சு.

ஒரு கடைசிக் கேள்வி. வீட்டுல நிறுத்தும்போது செருக ஒரு 30 ஆம்ப் சாக்கெட் போடச் சொல்லி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருக்கேன். வேற ஏதாவது சொல்லணுமா?

ஹூஸ்டன்வாசி:
"டிடி-30 (TT-30), 120 வோல்ட், ஒத்தை பிரேக்கர்"னு எழுதிக் கையில கொடுங்க. 30 ஆம்ப்னு மட்டும் சொன்னா துணி காயவைக்கிற டிரையரோட சாக்கெட் நினைப்புல இரட்டை பிரேக்கர் போட்டு 240 கொடுத்துடுறவங்க இருக்காங்க. செருகின நிமிஷம் கன்வர்ட்டரும் மைக்ரோவேவும் காலி. 10 கேஜ் செம்பு வயர் போதும், தூரம் 100 அடி தாண்டினா 8 கேஜ் போடச் சொல்லுங்க. அவர் கிளம்புறதுக்கு முன்னாடி, அவர் எதிர்லயே மீட்டர் வச்சு அளந்துடுங்க. 240 காட்டினா டிரெய்லரை அந்தப் பக்கமே கொண்டு போகாதீங்க.