மகரந்தப்பையின் வால்வு: படலா, கதவா, ஓரதரா?

குழுவினருக்கு வணக்கம்.

இளங்கலைத் தாவரவியல் செய்முறைக் கையேட்டில் பெர்பெரிடேசி என்ற தாவரக் குடும்பத்துக்கான திறவுகோலை, அதாவது செடியைப் படிப்படியாக அடையாளம் காணும் பட்டியலை, தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். முதல் படியிலேயே முட்டுகிறது. இக்குடும்பத்துப் பெரும்பாலான பேரினங்களில் மகரந்தப்பை நீளவாக்கில் வெடிப்பதில்லை. அறையின் சுவர் அடியிலும் பக்கங்களிலும் விடுபட்டு, உச்சியில் மட்டும் ஒட்டிக்கொண்டு, மேல்நோக்கி எழுகிறது. ஒரு பைக்கு இப்படி இரண்டு. மூலநூல் இதை வால்வு என்கிறது. என் வரைவில் "தொடுமுறைத் திறப்பு" என்று இருக்கிறது. சரிதானா?

இன்னொன்று: குடும்பத்தை "மரமஞ்சள் குடும்பம்" என்று எழுதிவிடலாமா?

– மொழிபெயர்ப்பாளர்

*

தொடுமுறை வேண்டவே வேண்டாம். அது மொட்டில் இதழ்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் விளிம்போடு விளிம்பு தொட்டு நிற்கும் இதழமைவுக்கு உரிய சொல். ஐரோப்பிய மொழிகளில் வால்வுக்கும் இந்த இதழமைவுக்கும் ஒரே வேர் என்பதற்காகத் தமிழிலும் குழப்ப வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, குடும்பத்துக்குப் பெயர் தந்த பெர்பெரிஸின் இதழமைவு தழுவு வகை, இதழ்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பது. மாணவர் "தொடுமுறை" என்று படித்துவிட்டு மொட்டைப் பிரித்தால் நேர்மாறாகத்தான் காண்பார்.

சொல் எதுவானாலும் செய்முறைக் குறிப்பு ஒன்றைச் சேருங்கள். முழுதாக விரியாத பூ ஒன்றும் அன்று விரிந்த பூ ஒன்றும் எடுக்க வேண்டும். பத்து மடங்கு உருப்பெருக்கி போதும். மகரந்தத்தாள்கள் ஆறும் அல்லி இதழ்களுக்கு எதிரே, இதழின் குழிவுக்குள் சாய்ந்து கிடக்கும். தாளின் அடிப்பகுதியை உட்புறமாக ஊசியால் தொட்டால் சட்டென்று சூலகத்தை நோக்கி மடங்கும். பை திறந்திருந்தால், மேலே எழுந்த அந்தத் துண்டின்மேல் மகரந்தம் அப்பியிருப்பது தெரியும். வாடிய பூவை எடுத்தால் மகரந்தம் உதிர்ந்து, துண்டும் சுருங்கி, வெறும் கீறல் போலத் தோன்றும். "நீள்வெடிப்பு" என்று எழுதிவிட்டு அடுத்த படியில் வழி தவறுவார்கள்.

இதே குடும்பத்து நந்தினாவிலும் போடோஃபில்லத்திலும் உண்மையிலேயே நீள்வெடிப்புத்தான். ஆகவே இந்தப் பண்பைக் குடும்பம் முழுமைக்குமான படியாக வைக்காதீர்கள். அதே நேரம், சொல் லாரேசி குடும்பத்துக்கும் பொருந்த வேண்டும்; அதைச் சேர்ந்த இலவங்கப்பட்டைப் பூவிலும் இதே அமைப்புத்தான், பைக்கு இரண்டோ நான்கோ.

– தாவரவியல் ஆசிரியர்

*

வால்வுக்கு ஓரதர் என்று அழகான சொல் இருக்கிறதே! ஓர் + அதர். அதர் என்றால் வழி. சங்கப் பாடல்களில் மலைவழிக்கும் காட்டுவழிக்கும் வரும் சொல். ஒருவழிப் போக்கு என்ற பொருள் சொல்லிலேயே அமைந்துவிட்டது. இதயத்துக்கும் குழாய்க்கும் பூவுக்கும் ஒன்றே போதும். அதோடு "மகரந்தம்" எதற்கு? தாது என்று சொல்லுங்கள். தாதுப்பையின் ஓரதர்த் திறப்பு.

– சொல்லாய்வு அன்பர்

*

ஐயா, ஓரதர் குழாய்க்குப் பொருந்தும். இங்கே எதையும் ஒருவழியாகப் போகவிட்டு மறுவழியைத் தடுக்கும் வேலை நடக்கவில்லை. ஒருமுறை திறக்கிறது, அவ்வளவுதான். மூலச்சொல் ஒன்று என்பதற்காகத் தமிழ்ச்சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டுமா? தாது என்றால் இன்றைய மாணவர் இரும்புத் தாதுவை நினைப்பார். அந்தச் சொல் தமிழா வடமொழியா என்ற வழக்கை இந்த இழையில் தொடங்க வேண்டாமென்று கைகூப்பிக் கேட்கிறேன்.

என் முன்மொழிவு: படல். ஓலையாலோ முள்ளாலோ கட்டிய அடைப்பு. தனித்துண்டாக நின்று ஓர் ஓரத்தில் மட்டும் பிணைந்திருப்பது. வேலிப்படல் என்கிறோம், பெர்பெரிஸும் முள்வேலிச் செடிதான். அதன் மூன்று கிளை முள் தண்டின் முள்ளல்ல, நெடுங்கிளையின் இலையே அப்படித் திரிந்தது. அதன் கக்கத்தில்தான் குறுங்கிளை வந்து இலைக்கொத்து விடுகிறது. இப்படிப்பட்ட செடிக்குப் படல் என்ற சொல் தானாக வந்து அமைகிறது.

– படல் கட்சி

*

சொல் நன்று. ஆனால் படல்+திறப்பு மூன்றாம் வேற்றுமைத் தொகை. கடல்+தானை கடற்றானை ஆவதுபோல் இது படற்றிறப்பு என்றே புணரும். "படல் திறப்பு" என்று பிரித்து எழுதுவது பிழை.

– இலக்கண ஆசிரியர்

*

படற்றிறப்பு! இதைப் படிக்கும் மாணவர் படர்கொடி ஏதோ திறக்கிறது என்று நினைப்பார். கதவு என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

மேலும் படலைப் பக்கவாட்டில்தான் சாத்துவார்கள். அடியிலிருந்து மேலே தூக்கிக் கோல் கொடுத்து நிறுத்துவது தட்டி. உச்சியில் பிணைப்பு என்பதுதான் இங்கே முக்கியம் என்றால் தட்டியே சரி.

– பள்ளி ஆசிரியை

*

கதவும் பக்கவாட்டில்தானே அம்மா திறக்கும்? "மூடி" என்று யாராவது சொல்லுமுன் அதையும் தடுத்துவிடுகிறேன்: குறுக்கே வெடித்து மூடியாகக் கழலும் கனிக்கு அது வேண்டும்.

புணர்ச்சிச் சிக்கலுக்கு வழி: படல்வழித் திறப்பு. இலக்கணமும் பிழைக்கும், நாவும் பிழைக்கும்.

– படல் கட்சி

*

குடும்பப் பெயரைப் பற்றி யாரும் பேசவில்லை. மரமஞ்சள் என்ற பெயர் பெர்பெரிஸுக்கும் வழங்குகிறது, கோசினியம் ஃபெனஸ்ட்ரேட்டத்துக்கும் வழங்குகிறது. பின்னது மெனிஸ்பெர்மேசியைச் சேர்ந்த கொடி. இரண்டிலும் பெர்பெரின் என்ற மஞ்சள் நிற அல்கலாய்டு இருப்பதால் மருந்துச் சரக்கில் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகிவிடுகிறது. இரண்டு குடும்பமும் ரனன்குலேல்ஸ் என்ற ஒரே துறைக்குள், அதாவது குடும்பங்களுக்கு மேலான ஒரே பிரிவுக்குள், இருப்பதால், பெயர் குழம்பினால் திறவுகோலில் பிடிக்கவும் முடியாது. பூவைப் பார்த்தால்தான் தெளியும்: கோசினியத்தில் ஆண்பூ, பெண்பூ தனித்தனிச் செடியில், பெர்பெரிஸில் இருபால் பூ.

தொல்காப்பிய மரபியல் அகத்தே காழ், அதாவது வைரம், உடையதை மரம் என்கிறது. அந்தக் காழே மஞ்சளாக இருப்பதால் "மஞ்சட்காழ்க் குடும்பம்" என்று ஆசை வந்தது. இக்குடும்பத்து எபிமீடியம், போடோஃபில்லம் எல்லாம் காழே இல்லாத சிறுசெடிகள் என்று நினைவு வந்ததும் கைவிட்டேன். பன்னாட்டுப் பெயரிடல் விதிப்படி குடும்பப் பெயர் ஒரு பேரினப் பெயரிலிருந்து பிறப்பது. பெர்பெரிடேசி என்றே விடுங்கள், துணைக்குடும்பங்களுக்கும் அப்படியே. அட்டவணையில் அடிப்படைக் குரோமோசோம் எண்ணையும் போட்டால் துணைக்குடும்பப் பிரிவு விளங்கும்: பெர்பெரிஸ் பக்கம் 7, போடோஃபில்லம் பக்கம் 6, காலோஃபில்லம் 8, நந்தினா 10.

பேரினம் என்று எழுதுகிறீர்கள். இலங்கைப் பாடநூல்களில் அது சாதி, துறை என்பது வருணம். கையேடு அங்கும் போகுமானால் ஓர் அடிக்குறிப்பு தேவை.

– மூலிகை ஆய்வாளர்

*

சாதி, வருணத்தைச் செடிக்குமா கொண்டுவர வேண்டும்? அடிக்குறிப்பிலும் வேண்டாம்.

– பள்ளி ஆசிரியை

*

அனைவருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன்: படலுக்கு நான்கு பேர், கதவுக்கு இருவர், தட்டிக்கும் ஓரதருக்கும் ஒவ்வொருவர். "படல்வழித் திறப்பு" என்று போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் "வால்வு எனப்படும் படல்" என்றிருக்கும். படத்தில் பிணைப்பு உச்சியில் இருப்பதை அம்புக்குறியால் காட்டச் சொல்லியிருக்கிறேன். குடும்பம் பெர்பெரிடேசி. சாதி–பேரின அடிக்குறிப்பு இருக்கும், மன்னிக்கவும்.

– மொழிபெயர்ப்பாளர்

*

அச்சுக்குப் போகட்டும். ஆனால் குழுவின் சொற்பட்டியலில் ஓரதரையும் மாற்றுச்சொல்லாகப் பதிய வேண்டும். அதர், அதரிடை, அதர்கோள் பற்றி நாளை தனியாக எழுதுகிறேன்.

– சொல்லாய்வு அன்பர்