பாம்ரெஸ்ட், அதில் விழும் குழி: தமிழில் என்ன சொல்வது?

கோபியிலிருந்து:
வணக்கமுங்க. எங்கள் பாலிடெக்னிக்கில் கணினிப் பழுதுநீக்கும் மாணவர்களுக்குத் தமிழில் பராமரிப்புக் கையேடு எழுதுகிறோம். திங்கட்கிழமை அச்சுக்குப் போகோணும். இரண்டு சொல்லில் வேலை நிற்கிறது. லேப்டாப்பில் டச்பேடுக்கு இருபுறமும் கை வைக்கிற இடம், பாம்ரெஸ்ட். அலுமினிய உடம்பாக இருந்தால் அங்கே வியர்வை பட்டுப் பட்டுப் புள்ளி புள்ளியாகக் குழி விழுகிறது. அந்தக் குழிக்கும் ஒரு பெயர் வேண்டும். பசங்க ‘துரு’ என்கிறார்கள். அதை மட்டும் கையேட்டில் விடமாட்டேன். துரு என்று கேட்ட மாத்திரத்தில் எமரி பேப்பரைத் தேடுகிறார்கள்.

பேரூரிலிருந்து:
‘அங்கைத்தாங்கி’ என்க. அகம் என்பதன் முன் கை வந்தால் இடையெழுத்துகள் கெட்டு அங்கை, அதாவது உள்ளங்கை, ஆகும். தொல்காப்பியமும் நன்னூலும் விதித்தது. வெறும் ‘கைத்தாங்கி’ ஆகாது. நோயாளியைக் கைத்தாங்கலாக அழைத்துவரும் நினைவுதான் முதலில் வரும். குழிக்கு நம்மிடம் ‘களிம்பு’ இருக்கிறதே, செம்பில் படியும் பச்சைக் கறை. செம்புக்குக் களிம்பு போல உயிருக்கு ஆணவம் என்பது சைவ சித்தாந்தம். வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று, உடனாகவே இருப்பது. உலோகத்தின் கேட்டுக்கு இதைவிட ஆழமான சொல் எந்த மொழியில் உண்டு?

கோவை கணபதியிலிருந்து:
ஐயா, நான் அனோடைசிங் பட்டறை, அதாவது அலுமினியத்தின் மேல் ஆக்சைடுப் படலத்தை வளர்க்கிற பட்டறை வைத்திருப்பவன். களிம்பு வேண்டாமுங்க. செம்பில் களிம்பைத் துலக்கி எடுத்தால் நல்லது. அலுமினியத்தில் மேலே இருக்கிற ஆக்சைடுதான் காவல். அது தானாகவே காற்றில் உண்டாகிறது, சில நானோமீட்டர் கனம். கந்தக அமிலத் தொட்டியில் மின்சாரம் விட்டு அதையே 5 முதல் 25 மைக்ரான் வரை வளர்க்கிறோம். பிறகு கொதிநீரில் போட்டு நுண்துளைகளை அடைக்கிறோம். வியர்வை உப்பிலுள்ள குளோரைடு அந்த ஆக்சைடுத் தோலில் பலவீனமான இடம் பார்த்து உள்ளே இறங்கும். மேலே ஊசிமுனை அளவு தெரியும், உள்ளே குழி பெரிதாக இருக்கும். இதைத் துலக்கினால் மிச்சத் தோலும் போச்சு.

கையேட்டில் இதையும் சேர்த்துவிடுங்க. வேலை முடிந்ததும் லேசாக ஈரமான மெல்லிய துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றோணும். சோப்புத்தூள், சலவைச் சோடா, புளி, பிளீச்சிங் எதுவும் கூடாது. காரமும் புளிப்பும் இரண்டுமே அந்தத் தோலைக் கரைக்கும். மேலே பிலிம் ஒட்டலாம், நன்றாகத் துடைத்துக் காயவிட்ட பிறகுதான். ஈரத்தோடு ஒட்டினால் உப்பு அடியில் சிக்கிக்கொண்டு வேலையைத் தொடரும். கைக்கடிகார உலோகப்பட்டை, வளையல் உரசுகிற முன்விளிம்பு முதலில் தேயும். தேய்ந்த இடத்தில்தான் வியர்வை சுலபமாக ஏறும். பட்டறையில் வெள்ளை பூத்தால் ‘பூத்துப்போச்சு’ என்போம், இது ‘குழி விழுந்துருச்சு’. ‘குழியரிப்பு’ என்றே வையுங்க.

திருப்பூரிலிருந்து:
அரிப்பு என்றால் சிக்கல் வருமுங்க. ‘வியர்வையால் ஏற்படும் குழியரிப்பு’ என்று அச்சடித்தால் தோல் மருத்துவரைத்தான் தேடுவார்கள். ‘அரிமானம்’ ஏற்கெனவே பொறியியல் தமிழில் உள்ளது. ‘குழி அரிமானம்’ போதும். உரசித் தேய்வதற்குத் ‘தேய்மானம்’. ஒன்று உப்பின் வேலை, மற்றொன்று உராய்வின் வேலை. கணபதி அண்ணன் சொன்னபடி ஒன்று மற்றதற்கு வழி திறக்கிறது, ஆகவே இரண்டையும் கலக்கக் கூடாது. பாம்ரெஸ்டுக்குக் ‘கைத்திண்ணை’. உழைப்பின் நடுவே சாய்ந்து ஓய்கிற இடம், எந்தப் பையனுக்கும் விளக்கம் வேண்டியதில்லை.

சேலத்திலிருந்து:
‘-மானம்’ வடமொழி ஈறு என்றே எனக்குப் படுகிறது. வேரோடு நிற்கட்டும், ‘அரிவு’ எனலாம். இன்னொன்று: ஈரோடு மாவட்டத்துப் பழைய ஊரான கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகள் அகழாய்வில் கிடைத்தன, அதனால் துரு நம் மண்ணுக்குப் பழஞ்சொல். அலுமினியமும் அயலன்று. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் என்ற அலுமினியத் தாதை வெட்டி மேட்டூரில் உலோகமாக்கிய நாடு இது. இதற்கும் நாமே தூய சொல் ஆக்க வேண்டும்.

திருப்பூரிலிருந்து:
பிடிமானம், கட்டுமானம், செரிமானம் எல்லாவற்றையும் நாடு கடத்துவதா ஐயா? வகுப்பில் வாய்விட்டுச் சொன்னால் அரிவும் அறிவும் ஒன்றாகவே காதில் விழும். ‘அரிவைத் தடுப்பது எப்படி’ என்று பாடம் நடத்த முடியுமா?

பேரூரிலிருந்து:
களிம்பை விட்டுக்கொடுக்கிறேன், பட்டறைக்காரர் சொன்ன காரணம் சரி. திண்ணையை ஏற்கமாட்டேன். திண்ணை உட்காருமிடம். தலைவன் சென்ற நாளைச் சுவரில் ஒற்றி ஒற்றித் தேய்ந்த விரலைக் குறள் பாடுகிறது. கை எதையாவது தொட்டால் இரண்டிலொன்று தேயும். அந்த அங்கையின் பெயர் சொல்லில் இருக்க வேண்டும்.

கோபியிலிருந்து:
எல்லோருக்கும் நன்றிங்க. குழி அரிமானம், தேய்மானம் இரண்டும் உறுதி. பாம்ரெஸ்டுக்குக் கைத்திண்ணை என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், பசங்க உடனே அந்த இடத்தில் கை வைத்தார்கள். அதையே அச்சிடுகிறேன். ‘துரு அல்ல, தேய்க்காதே’ என்ற வரி முதல் பக்கத்திலேயே இருக்கும்.

பேரூரிலிருந்து:
அச்சிடுங்கள். சொற்பட்டியலில் ‘அங்கைத்தாங்கி’யையும் பக்கத்தில் போடக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பதிப்பில் மறுபடியும் வாதிடுவேன்.

சேலத்திலிருந்து:
‘அரிவு’ம் பட்டியலில் வரட்டும்.