சாமுவேல் டோ: பத்து வருடம் நின்றவர் ஒன்பதே மாதத்தில் விழுந்தது எப்படி?

கடலோடி கேட்டது:
1980 ஏப்ரல் 12 அன்று மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவின் அதிபர் டால்பர்ட்டைக் கொன்று ஆட்சியைப் பிடித்தபோது டோ வெறும் மாஸ்டர் சார்ஜென்ட். கூட இருந்தது 16 பேர். அவரே பத்து வருடம் ஓட்டிவிட்டார். 1989 டிசம்பர் 24 அன்று கிளர்ச்சித் தலைவர் சார்லஸ் டெய்லரின் ஆட்கள் நூறு சொச்சம் பேர் ஐவரி கோஸ்டிலிருந்து எல்லை தாண்டினார்கள்; அடுத்த செப்டம்பரில் டோவின் கதை முடிந்தது. ‘அமெரிக்கா கைவிட்டது’ என்று எங்கும் ஒரே வரியில் முடிக்கிறார்கள். அது போதுமா?

பழைய ஏடு:
போதாது. 1985ஐப் பாருங்கள். அக்டோபர் 15 தேர்தலில் வாக்குகளை எண்ண 50 பேர் கொண்ட தனிக்குழு ஒன்றைப் போட்டு, டோவுக்கு 50.9 சதவீதம் என்று அறிவித்தார்கள். ஜெயித்தது நிம்பா பகுதிக்காரரான ஜாக்சன் டோ (சாமுவேல் டோவுக்கு உறவில்லை) என்பதுதான் பலருடைய கணிப்பு. வேட்பாளருக்கு 35 வயது வேண்டும் என்பதால் தன் பிறந்த வருடத்தையே 1951லிருந்து 1950 ஆக்கிக்கொண்ட சாமுவேல் டோ, வாக்கு எண்ணிக்கையை மட்டும் விட்டுவைப்பாரா?

நவம்பர் 12 அன்று குவிவோன்க்பா ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தார். 1980இல் டோவோடு நின்றவர், பிறகு ராணுவத் தலைமைத் தளபதி, 1983இல் முறைத்துக்கொண்டு வெளியேறியவர். தோற்றார், கொல்லப்பட்டார். அவர் நிம்பாவின் கியோ இனம். டோ கிரான் இனம். கிரான் படையினர் நிம்பாவுக்குள் போய் கியோ, மானோ மக்களை வேட்டையாடினார்கள். டெய்லரின் ஆட்கள் நுழைந்த புட்டுவோ என்ற எல்லை ஊர் அதே நிம்பாவில்தான் இருக்கிறது. டெய்லர் கியோவும் இல்லை, மானோவும் இல்லை. ஆனால் கிளர்ச்சியை அடக்கப் போன டோவின் படை மறுபடி ஊர் ஊராக எரித்ததும், தப்பிய இளைஞர்கள் டெய்லரிடம்தான் போய்ச் சேர்ந்தார்கள். டெய்லருக்கு ஆள் திரட்டிக் கொடுத்ததே டோவின் ராணுவம்தான்.

காசுக்கணக்கு:
பணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே புழங்கியது அமெரிக்க டாலர் நோட்டு. அச்சடித்துச் சமாளிக்க வழியில்லை. டோ வந்ததும் படைவீரரின் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 250 டாலராகவும், அரசு ஊழியருக்கு 200 ஆகவும் ஏற்றினார். ரப்பரும் இரும்புத்தாதும் படுத்துவிட்ட நேரம் அது. 1982இல் ஐந்து டாலர் நாணயம் அடித்தார்கள், ஏழு பக்கம் கொண்டது. காகித டாலருக்குச் சமம் என்றது அரசு. ஜனங்கள் நோட்டைப் பதுக்கிவிட்டு நாணயத்தைத் தள்ளிவிட்டார்கள்; நோட்டு சந்தையிலிருந்தே மறைய ஆரம்பித்தது, கள்ளச்சந்தையில் நாணயத்தின் மதிப்பு இறங்கியது.

1980–85இல் அமெரிக்கா கொடுத்தது சுமார் 50 கோடி டாலர். பிறகு, தங்கள் கையெழுத்தும் இருந்தால்தான் செலவு என்ற அதிகாரத்தோடு 17 நிதி வல்லுநர்களையும் அனுப்பியது. டோ கணக்குக்கு வெளியே செலவழித்துக்கொண்டே இருந்தார். அவர்கள் ஏறக்குறைய ஒரு வருடத்தில் மூட்டை கட்டினார்கள். பனிப்போர் முடிவதற்கு முன்பே உறவு கசந்துவிட்டது.

கடலோடி:
சரி, ஐவரி கோஸ்ட் ஏன் டெய்லருக்கு வழிவிட்டது? டோவைக் கொன்றதும் டெய்லர்தானே?

பழைய ஏடு:
டால்பர்ட்டின் மகன் ஏ.பி. டால்பர்ட், ஐவரி கோஸ்ட் அதிபர் ஹுஃபுவே-புவான்யியின் அரவணைப்பில் வளர்ந்த பெண்ணைக் கட்டியவர். 1980இல் பிரெஞ்சுத் தூதரகத்தில் ஒளிந்திருந்தவரை இழுத்துப்போய்க் கொன்றார்கள். ஹுஃபுவே-புவான்யி அதை மறக்கவில்லை.

கொன்றது டெய்லர் இல்லை. அவரிடமிருந்து பிரிந்துபோன பிரின்ஸ் ஜான்சன். 1990 ஆகஸ்டில் மன்ரோவியா துறைமுகத்தில் இறங்கிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் படை, எக்கோமாக், அங்கேயே தலைமையகம் வைத்திருந்தது. செப்டம்பர் 9 அன்று டோ தன் காவலர்களோடு அங்கே போனார். காவலர்களின் ஆயுதத்தை எக்கோமாக் வாங்கி வைத்தது; பின்னாலேயே வந்த ஜான்சனின் ஆட்களிடம் துப்பாக்கி இருந்தது. காவலர்களைச் சுட்டுத் தள்ளிவிட்டு, காலில் குண்டடிபட்ட டோவைத் தூக்கிப்போனார்கள். சித்திரவதையை வீடியோவே எடுத்தார்கள். அதிபர் மாளிகை அதன்பிறகும் டோவின் படையிடம்தான் இருந்தது. சில நாட்களிலேயே எக்கோமாக்கின் கானா தளபதி குவைனூவுக்குப் பதிலாக நைஜீரியாவின் டோகன்யாரோ வந்தார். அமைதி காக்க வந்த படை டெய்லரோடு நேரடியாக மோத ஆரம்பித்தது.