மறுமொழி: பைகேட்ச் – ‘தற்செயல் பிடிப்பு’ பொருந்துமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். தேடிய மீனோடு சேர்ந்து வலையில் ஏறும் மற்ற உயிர்களை ஆங்கிலத்தில் பைகேட்ச் (bycatch) என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலுக்காக அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் விவாதத்தில் வந்த கருத்துகளுக்கு என் மறுமொழி இது.

> பைகேட்ச் என்பதற்குத் ‘தற்செயல் பிடிப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாம். நோக்கமில்லாமல் பிடிபடுவது என்ற பொருள் தெளிவாக வருகிறது.

தெளிவாகத்தான் வருகிறது. ஆனால் வருகிற பொருள் தவறு. சூரைக்குத் தூண்டில் போட்டவருக்குத் திருக்கை மாட்டினால் தற்செயல் எனலாம். இறால் இழுவை மடியின், அதாவது படகு கடலடியில் இழுத்துச் செல்லும் பை வலையின், கதை வேறு. மடியின் வாயை இரண்டு பலகைகள் விரித்துப் பிடிக்க, அடியில் சங்கிலி தரையை உரசிக்கொண்டே போகிறது. பல இறால் இனங்கள் மணலிலும் சேற்றிலும் புதைந்து கிடப்பவை. அவற்றைக் கிளப்பத்தான் அந்தச் சங்கிலி. அதே சங்கிலிதான் கடற்புல்லையும் பெயர்க்கிறது. இறாலைத் தப்பவிடாத சிறிய கண்ணி, மீன் குஞ்சையும் தப்பவிடாது. மடியைத் தூக்கினால் இறாலைவிட மற்றவைதான் அதிகம் இருக்கும் என்பது படகில் ஏறுபவர் எல்லோருக்கும் முன்பே தெரியும். முன்பே தெரிந்து ஒவ்வோர் இழுப்பிலும் நடப்பதற்குத் ‘தற்செயல்’ என்று பெயர் வைத்தால் அது கலைச்சொல் ஆகாது, வக்கீல் வாதம் ஆகும்.

> ‘கழிவு மீன்’ என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றனவே?

எழுதுகின்றன. ஆனால் இழுவைப் படகில் கொட்டிய குவியலைப் பாருங்கள். முதலில் இறாலைப் பொறுக்கி எடுப்பார்கள். பிறகு கணவாய், நண்டு, விலை போகிற மீன். மிச்சம் கிடப்பது விரல் நீளக் காரல், நாக்கு மீன், நண்டுக் குஞ்சு, சிப்பி ஓடு, வேரோடு வந்த கடற்புல், சில வேளை ஒரு கடற்குதிரை. கடற்குதிரை 2001 முதல் நம் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. அதையும் சேர்த்துக் ‘கழிவு’ என்பதா? காரல் கழிவே இல்லை, குழம்புக்கும் கருவாட்டுக்கும் உரிய மீன். விரல் நீளத்திலேயே அள்ளி வந்ததால்தான் அது கழிவானது. சில மாதங்கள் விட்டிருந்தால் நாட்டுப்படகுக்காரரின் வலையில் விலைக்கு விழுந்திருக்கும். அந்த நட்டத்தை ‘கழிவு’ என்ற சொல் மறைத்துவிடுகிறது.

இந்த மிச்சத்துக்கு ராமேசுவரம் பக்கம் ‘சங்காயம்’ என்று பெயர் இருக்கிறது. காயவைத்துக் கோழித் தீவனத்துக்கும் மீன்தூள் ஆலைக்கும் போகிறது. கரையில் ஆள்வது ‘சங்காயம்’ என்றிருக்க, நாம் அகராதியில் ‘மதிப்பற்ற மீன்’ என்று புதிதாக அடிக்க வேண்டியதில்லை. ஆனால் சங்காயம் முழு பைகேட்சும் ஆகாது. பைகேட்சில் நல்ல விலைக்குப் போகும் கணவாயும் அடக்கம், மூச்சு முட்டிச் சாகும் ஆமையும் அடக்கம்.

> ‘உடன்பாடு’ என்று ஒருவர் பரிந்துரைத்திருந்தார்.

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். ‘பாக் நீரிணையில் உடன்பாடு அதிகரிப்பு’ என்று நாளிதழில் தலைப்பு வந்தால் இரு நாட்டு மீனவரும் இனிப்பு வழங்குவார்கள். ஆனால் அந்தப் பரிந்துரையின் பாதி சரியானது. கடற்கரையில் ‘பிடிப்பு’ என்ற பேச்சு குறைவு. ‘இன்றைக்கு மீன்பாடு எப்படி?’ என்றுதான் கேட்பார்கள், வலையில் எவ்வளவு மீன் விழுந்தது என்ற பொருளில். எனவே ‘பாடு’ இருக்கட்டும், முன்னொட்டை மாற்றுவோம். என் பரிந்துரை ‘சேர்பாடு’. தேடிய பாட்டோடு சேர்ந்து வந்த பாடு. நோக்கத்தைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. வந்ததை மட்டும் சொல்கிறது. உருபும் தடையின்றி ஏற்கும்: சேர்பாட்டைக் குறைத்தல், சேர்பாட்டு விகிதம். ‘பாடு என்றால் துன்பம் அல்லவா?’ என்று கேட்பவர்களுக்கு: மீன்பாடு என்று சொல்லி யாரும் அழுவதில்லை, இடம் பார்த்துப் பொருள் கொள்வோம்.

இதோடு விவாதம் முடியாது. நம் பட்டியலில், பிடித்ததைக் கடலிலேயே திருப்பி எறிவதைக் குறிக்கும் டிஸ்கார்ட் (discard) என்பதும் பைகேட்ச் என்பதும் ஒரே வரியில் கிடக்கின்றன. இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும். உலக உணவு வேளாண்மை அமைப்பின் கணக்குகளைப் பாருங்கள். கடலில் திருப்பி எறியப்படுவது ஆண்டுக்குச் சுமார் 2.7 கோடி டன் என்றது 1994ஆம் ஆண்டு அறிக்கை. 2005இல் அதே அமைப்பின் மதிப்பீடு 73 லட்சம் டன், அதிலும் வெப்பக் கடல் இறால் இழுவைக்கே கால் பங்குக்கு மேல். 2019இல் 91 லட்சம் டன். 1994க்கும் 2005க்கும் நடுவே கடல் திடீரெனத் தேறிவிட்டதா? கணக்கிட்ட முறை மாறியது ஒரு காரணம். முன்பு எறிந்ததைக் கரைக்குக் கொண்டுவந்து விற்கத் தொடங்கியது இன்னொரு காரணம். மீன் குஞ்சு மடியில் ஏறியது ஏறியதுதான். கடலுக்குப் போகாமல் ஆலைக்குப் போனது, அவ்வளவே. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால், எறிவது குறைந்ததைக் காட்டிப் பிடிபடுவதே குறைந்துவிட்டது என்று மொழிபெயர்ப்பில் எழுதிவிடுவார்கள். எனவே திருப்பி எறிவதற்கு ‘எறிபாடு’ என்று தனிச்சொல் வேண்டும். சேர்பாட்டில் ஒரு பகுதி எறிபாடு, ஒரு பகுதி சங்காயம், ஒரு பகுதி சந்தைக்கு.

> ஆமையைப் பாடு என்று சொல்லலாமா? அதை யாரும் பிடிக்கவில்லையே.

நியாயமான கேள்வி. பங்குனி ஆமை என்னும் கடலாமை மூச்சு விட மேலே வந்தாக வேண்டும்; மடி நீருக்கடியில் மணிக்கணக்கில் இழுபட்டால் அது உயிரோடு வராது. சட்டம் அதைப் பிடிக்கக் கூடாது என்கிறது, மடி சட்டம் படிக்கவில்லை. கணக்கில் வர வேண்டுமானால் சேர்பாட்டில்தான் வர வேண்டும். மடிக்குள் சாய்வாகப் பொருத்தும் கம்பித் தட்டிக்கு ‘ஆமை விலக்கி’ என்ற பெயரே போதும். இறால் கம்பிகளுக்கிடையே உள்ளே போகும், ஆமை தட்டியில் முட்டி மேலோ கீழோ உள்ள திறப்பின் வழியே வெளியேறும். அது இல்லாமல் பிடித்த இறாலை வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா 1989இல் சட்டம் இயற்றியது. அதை எதிர்த்து இந்தியா உட்பட நான்கு நாடுகள் உலக வணிக அமைப்புவரை போயின. இந்தியக் கடல் இறாலுக்கு 2019இல் அமெரிக்கா கதவடைத்ததும் இதே காரணத்தால்தான். ஆனால் இந்தத் தட்டி ஆமையைத்தான் விடும். காரல் குஞ்சுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

வலை இழந்தவரின் கணக்கு எந்தச் சொல்லில் வரும் என்று ஓர் அன்பர் கேட்டிருந்தார். எதிலும் வராது. இழுவைப் படகு ஓடிய தடத்தில் சிறு மீனவர் விரித்து வைத்த செவுள் வலை அறுந்து போனால் அது சேர்பாடும் இல்லை, எறிபாடும் இல்லை. அதைக் ‘கருவிச் சேதம்’ என்று ஓரமாக எழுதுவார்கள். பாக் நீரிணையின் இரு கரையிலும் சிறு மீனவருக்கு அதுதான் முதல் புகார். இலங்கை 2017இல் அடிமட்ட இழுவையைச் சட்டம் போட்டுத் தடுத்ததற்கு வடக்கு மாகாண மீனவரின் அந்தப் புகார் ஒரு முக்கியக் காரணம். ‘கருவிச் சேதம்’ எனக்குப் பிடிக்கவில்லை. கருவி அங்கே தானாகப் பழுதானதுபோல ஒலிக்கிறது. ‘வலையறுப்பு’ என்றால் அறுத்தவர் ஒருவர் உண்டு என்பதாவது தெரியும்.

ஆக, சேர்பாடு, எறிபாடு, சங்காயம், ஆமை விலக்கி, வலையறுப்பு. மறுப்பிருந்தால் எழுதுங்கள். மன்னார், யாழ்ப்பாணம் பக்கத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் துறைகளில் சங்காயத்துக்கு வேறு பெயர் வழங்கினால் தெரிவியுங்கள். அதையும் அருகில் குறித்த பிறகே பட்டியலை மூடலாம்.